பாலங்களில் நின்றவர்கள்

பெப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பனி வழித்தேன். வாசற்படி எது, புல் எது என்று தெரியாமல் கொட்டியிருந்தது. இவர் விடியமுன்னரே டிப்போவுக்குப் போய்விட்டார். நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பனி என்று லீவு கிடையாது. மூக்குக்கண்ணாடி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை.

கத்தரிக்காய்ப் பால்கறி அடுப்பில் இருந்தபோது மணி அடித்தது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். சப்பாத்துகள்தான் முதலில் தெரிந்தன. பிறகு உடுப்பு. இரண்டு பேர்.

நான் கதவைத் திறக்கவில்லை. மாடியில் சாம்பவி படித்துக்கொண்டிருந்தாள். படியடியில் நின்று, "கீழ வராத, சத்தம் போடாத" என்றேன்.

"ஏனம்மா, ஆர்?"

"ஆமி."

அவள் இறங்கி வந்து, என்னைக் கடந்து போய், கதவைத் திறந்தாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை.

வந்தவர்களில் ஒருத்தி பெண். கப்டன் கன்யோன் என்று பெயர் சொன்னாள். மற்றவர் படைப்பிரிவின் பாதிரியார். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஆரணனின் அம்மாவா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவன் படையோடு போயிருந்த லத்வியாவில், இன்று விடியற்காலை, ஓட்டப் பயிற்சியின்போது, இதயம் என்றாள். கூட இருந்தவர்கள் நெடுநேரம் முயன்றார்கள் என்றாள். பிறவியிலேயே இருந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று, யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னாள்.

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றேன்.

சாம்பவி தரையில் இருந்துவிட்டாள். பாதிரியாரும் அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். நான் இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் வைத்தேன். கப்டன் முழுவதையும் குடித்தாள். கறி அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறப் போட்டிருக்கிறேன்.

இவரை டிப்போ ஆட்கள் கூட்டி வந்தார்கள். வாசலில் நின்ற உடுப்புகளைக் கண்டவர் உள்ளே வராமல் பனிக்குள் நின்றார். "வாங்கோ உள்ளுக்க" என்றேன்.

"முதல்ல அவையை வெளியில வரச் சொல்லும்" என்றார்.

பெப்ரவரி 5, புதன்

சட்டி இன்னும் சுத்தமாகவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

வீடு நிறையச் சனம். அடுப்பு மூட்டக்கூடாது என்று தெய்வானை மச்சாள் தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தா. சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பிரட்டல். யார் யார் கோப்பை எது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அதுவே நாள் முழுக்க வேலையாக இருந்தது.

யோகநாதன் அண்ணை, இவருடைய பெரியப்பாவின் மகன், சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டார்: "இந்த நாட்டில எத்தினை வேலை கிடக்கு. ஆமிக்கு ஏன் விட்டனீங்கள்?"

"நான் விடேல்லை" என்றார் இவர்.

"பிறகு?"

"அவன் கேக்கேல்லை."

ஆரணன் இந்த நாட்டு ஆமியில் சேர்ந்த நாளிலிருந்து இவர் அவனோடு கதைப்பதில்லை. அவன் போன் எடுத்தால் எனக்குத்தான். நாங்கள் கதைக்கும்போது இவர் ரிவியைச் சத்தமாக வைப்பார். போனை வைத்ததும், "என்னவாம்?" என்பார். சாப்பாடு பரவாயில்லையாம், குளிராம், கால் கொப்புளமாம் என்று சொல்வேன். ரிவியைக் குறைப்பார்.

இவருடைய தம்பி சந்திரதாசனை ஊரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் ஆமி கூட்டிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். நான் அப்போது கலியாணம் முடித்து வந்த புதிது. கதவைத் திறந்தது நான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு நாளும் வசதியாக வரவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

வானொலியில் அவன் பெயரைச் சொன்னார்கள். ஆரணன் ஓரளவுக்கு வந்தது. தகப்பன் பெயர் குகதாசன் என்பதை அந்தப் பெண் எப்படிச் சொன்னாள் என்று தமிழில் எழுத வராது. இவர் எழும்பிப் போய் வானொலியை நிறுத்தினார்.

பெப்ரவரி 8, சனி

கப்டன் கன்யோன் மறுபடி வந்தாள். இம்முறை தனியாக, சாதாரண உடுப்பில். சாம்பவி அப்படி வரும்படி கேட்டிருந்தாளாம். இவர் மாடிப்படியின் நடுவில் இருந்தார். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

கப்டனுடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். கியூபெக்கில் சகனே என்ற பக்கமாம். அவள் பிரெஞ்சில் யோசித்துவிட்டுச் சொல்கிறாள். நான் தமிழில் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். முட்டினால் இரண்டு பேரும் சாம்பவியைப் பார்க்கிறோம். இங்கே எழுதுவது எனக்கு விளங்கிய தமிழில்.

விமானம் செவ்வாய்க்கிழமை ட்ரென்டன் தளத்துக்கு வரும். அங்கிருந்து நெடுஞ்சாலை வழியாக டொராண்டோவுக்குக் கொண்டுவருவார்கள். பெட்டியின் மேல் கொடி இருக்கும். இறுதிக் கிரியைக்குப் படையினர் வருவார்கள், தூக்குவார்கள், துப்பாக்கி மரியாதை உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று நாங்களே சொல்லலாம். சொல்லாமலும் விடலாம், காத்திருப்போம் என்றாள்.

"துவக்கு வேண்டாம்" என்றேன். நான் முடிவுசெய்தது அது ஒன்றைத்தான். எங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் படுத்துவிடுவார்கள்.

படியிலிருந்து இவர் தமிழில் சொன்னார்: "கொடியும் வேண்டாம், உடுப்பும் வேண்டாம். இஞ்ச ஒருத்தரும் வரத் தேவையில்லை. அவன் என்ர பிள்ளை. என்னட்டத் தரட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்."

சாம்பவி, "அப்பாவுக்குக் கொஞ்சம் யோசிக்க நேரம் வேண்டுமாம்" என்று மொழிபெயர்த்தாள்.

"அவர் சொன்னது இதைவிட நீளம்" என்றாள் கப்டன்.

அவள் பிஸ்கட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்கட பூட்டனாரும் இந்த உடுப்பைக் கண்டா ஓடினவர்தான்" என்றாள். "முதலாம் பெரிய சண்டை நேரம். ஆக்களைப் பிடிச்சுச் சேர்த்தவை. இங்கிலீஷ்காரற்ற சண்டைக்கு நான் ஏன் சாகவேணும் எண்டு ஒரு மாரி முழுக்கக் காட்டுக்குள்ள ஒளிச்சிருந்தவராம். கால் விரல் ரெண்டு குளிரில போயிட்டுது."

"ஆருக்கு ஒளிச்சவர்?" என்று நான் கேட்டேன்.

"இந்த ஆமிக்குத்தான்."

இவர் படியிலிருந்தே, இங்கிலீஷில், நேராகக் கேட்டார்: "பிறகு நீ ஏன் சேர்ந்தனி?"

அவள் படிப்பக்கம் திரும்பினாள். "எங்கட ஊரில அப்ப வேலை இல்லை. சேர்ந்தாப் பிறகு நல்ல ஆக்கள் கிடைச்சினம். அவ்வளவுதான், சேர்."

இவர் வேறு ஏதோ எதிர்பார்த்திருக்கவேண்டும். எழும்பி மாடிக்குப் போனார்.

போகும்போது கப்டன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நுரை சரியாகப் போகவில்லை. நான் திரும்பக் கழுவினேன்.

பெப்ரவரி 10, திங்கள்

சாம்பவிக்கும் எனக்கும் கறுப்புச் சப்பாத்து வாங்கினோம். கடையில் நல்ல சூடு.

பெப்ரவரி 11, செவ்வாய்

ட்ரென்டனுக்கு நானும் சாம்பவியும் போனோம். இவர் காலையில் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இண்டைக்குமோ?" என்று கேட்டேன்.

"வீட்டில இருந்து என்ன செய்யிறது" என்றார்.

விமானத் தளத்தில் காற்று முகத்தை வெட்டியது. விமானத்தின் பின்பக்கம் திறந்தது. பெட்டியைத் தோளில் வைத்து, ஒரே சீராகக் காலெடுத்து வைத்து இறக்கிவந்தார்கள். காற்றுக்கு எழும்பாதபடி கொடியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு இறுக்கம், ஒரு சுருக்கம்கூட இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ நன்றாகத் துணி விரிக்கத் தெரிந்தவர் செய்திருக்கிறார். சாம்பவி என் கையை நெரித்ததில் மோதிரம் பதிந்துவிட்டது.

லத்வியாவிலிருந்து கூட வந்த பெடியன் ஒருவன் பெட்டி ஏற்றிய வண்டியின் பக்கத்தில் நின்றான். டாரல் என்று பெயர். ஆரணனுடன் ஒரே அறையில் இருந்தவனாம். என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். "பிறகு வீட்டுக்கு வா" என்றேன்.

பெட்டி வண்டிக்குப் பின்னால் எங்கள் வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் முதல் பாலத்தில் தீயணைப்பு வண்டி ஒன்று நின்றது. அதன் கூரையில் ஆட்கள் நின்றார்கள். எங்கோ விபத்தாக்கும் என்று நினைத்தேன்.

"உங்கட மகனுக்கு" என்றாள் முன்னால் இருந்த கப்டன்.

"அவைக்கு அவனைத் தெரியுமோ?"

"இல்லை."

"பிறகு?"

"ஆரைக் கொண்டுவந்தாலும் வந்து நிற்பினம்."

அடுத்த பாலத்திலும் ஆட்கள். அதற்கு அடுத்ததிலும். மார்பு நிறையப் பதக்கம் குத்திய கிழவர்கள். தலைப்பாகைக்கு மேல் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர். முக்காடு போட்ட பெண் ஒருத்தி, தள்ளுவண்டியில் குழந்தையோடு. தாதி உடுப்புக்கு மேல் கோட்டுப் போட்ட கறுப்பினப் பெண். ஹொக்கித் தடியில் கொடியைக் கட்டிப் பிடித்திருந்த ஒருவன். ஓரிடத்தில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கை கூப்பி நின்றார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. இந்தக் குளிரில், வேலை நாளில், இவர்களுக்கு யார் லீவு கொடுத்தது?

"கை காட்டுங்கோம்மா" என்றாள் சாம்பவி.

"ஏன்?"

"எங்களைத்தான் பாக்கினம்."

காட்டினேன். வண்டிக் கண்ணாடி கறுப்பு. அவர்களுக்கு என் கை தெரிந்திருக்காது.

ஆரணனை யாராவது எந்த நாடு என்று கேட்டால், ஸ்காபரோ என்று எங்கள் பகுதியின் பெயரைச் சொல்வான். இல்லை, உண்மையில் எந்த இடம் என்று திரும்பக் கேட்டால், மார்க்கம் ரோட்டும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடம், கோழிக்கடைக்குப் பின்னால் என்பான். கேட்டவர் விட்டுவிடுவார். அல்லது சிரிப்பார்.

மார்க்கம் ரோட்டுப் பாலம் வந்தது. அங்கேயும் சனம் நெருக்கமாக நின்றது. கரையில், எல்லோரையும் விட்டுச் சற்று விலகி, வேலைக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். கொடி இல்லை. இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். இடது தோளைத் தாழ்த்தித்தான் இவர் எப்போதும் நிற்பது.

வண்டி பாலத்துக்குக் கீழே போய் வெளியே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாம்பவி கண்டாளோ தெரியாது.

இவர் வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தில் ரோட்டு உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. துணி நனைத்துத் துடைத்து வைத்தேன்.

"சனம் எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்ல சனம்" என்றேன்.

பாணும் சம்பலும் சாப்பிட்டார்.

பெப்ரவரி 12, புதன்

மண்டபம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது.

பெப்ரவரி 13, வியாழன்

டாரல் வந்தான். மணி அடிக்கவில்லை. தெய்வானை மச்சாள்தான், "ஆரோ ஒருத்தன் ரோட்டில நிக்கிறான்" என்றா. எட்டிப் பார்த்தேன். ஆமி உடுப்போடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்துக்கும் அப்பால் நின்றான். இவரும் யன்னலுக்கு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவன் அசையவில்லை. போனும் நோண்டவில்லை. பிறகு இவரே போய்க் கதவைத் திறந்தார்.

"ஏன் அங்கேயே நிக்கிறாய்? வா."

அவன் வந்து, படிக்குக் கீழே நின்று, "சேர், நீங்கள்தான் பெரிய கூகாவோ?" என்று கேட்டான்.

"என்ன கூகா?"

படையில் தகப்பன் பெயரைத்தான் கூப்பிடுவார்களாம், அதுதான் சட்டை நெஞ்சில் தைத்திருக்கும். குகதாசன் என்பது வாய்க்குள் வராமல் கூகா ஆகிவிட்டது. ஆரணன் என்று ஒரு பெயர் இருப்பதே தனக்குக் கனகாலம் தெரியாது என்றான் டாரல். காலையில் இருந்து படுக்கும்வரை கூகா, கூகாதான்.

இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ர பேரையோ?" என்றார்.

"ஓம் சேர். முழுப் பேரையும் சொல்ல அவன் எல்லாருக்கும் பழக்கினவன். எனக்கு மட்டும்தான் வந்தது." அவன் சொல்லிக் காட்டினான். கு-க-தா-சன். வானொலிக்காரியைவிட எவ்வளவோ நன்றாக.

உள்ளே வந்து இருந்தான். தெய்வானை மச்சாள் இடியப்பம் வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தா. "பிள்ளை பிலிப்பைன்ஸோ?"

"மாமி!" என்றாள் சாம்பவி.

"இல்லை, இஞ்சத்தையான்தான்" என்று சிரித்தான் அவன். தண்டர் பேக்கு அங்கால், ஏரிக் கரையில் அவர்களுடைய ஊர். பூர்வகுடி.

"இஞ்ச எண்டா, எப்ப வந்தனீங்கள்?"

"நாங்கள் வரேல்லை மாமி. நீங்கள் எல்லாரும்தான் வந்தனீங்கள்."

மச்சாள் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தா.

ஏன் வெளியில் நின்றாய் என்று இவர் திரும்பவும் கேட்டார். அவன் இடியப்பத்தைத் தட்டில் வைத்தான்.

"கூகா பழக்கினது. அங்க பயிற்சிக்குப் போற இடமெல்லாம் தோட்டக் காணிகள். குறுக்கால போகவேணுமெண்டால் வீட்டுக்காரரைக் கேக்கவேணும். அனேகமா வயசு போன பெண்கள்தான் இருப்பினம். கூகா போனால் துவக்கை என்னட்டத் தந்திடுவான். தலைக்கவசத்தைக் கழட்டுவான். வாசலுக்குக் கிட்டப் போகமாட்டான். தூரத்தில நிண்டு கூப்பிடுவான், அவை கண்டு வரும்வரைக்கும் நிப்பான். எங்களுக்கு விறைக்கும், ஏசுவம். ஒருநாள் நான் கேட்டன், ஏன்டாப்பா இந்தக் கூத்து எண்டு. எங்கட வீட்டுக் கதவை இப்பிடித்தான் ஆமிக்காரர் தட்டினவை, என்ர சித்தப்பா திரும்பி வரேல்லை எண்டான். எங்கட வீட்டிலயும் தட்டினவை எண்டன் நான். அம்மம்மாவைப் பொலிஸ் வந்து, பூர்வகுடிப் பிள்ளைகளை அடைக்கிற பள்ளிக்கூடத்துக்கு எண்டு பிடிச்சுக்கொண்டு போகேக்க அவவுக்கு ஆறு வயசு. பிறகு நாங்கள் ரெண்டு பேரும் தூரத்திலதான் நிண்டனாங்கள்."

இவர் என்னைப் பார்த்தார். "நீர் சொன்னனீரோ அவனுக்கு?"

"நான் சொல்லேல்லை. நீங்களோ?"

"எங்களுக்குச் சின்னனிலயே தெரியும்" என்றாள் சாம்பவி. "சந்திரன் சித்தப்பாவின்ர படத்துக்கு மாலை போடுற நாள், அப்பா சாப்பிடாமல் இருக்கிற நாள், எல்லாம் தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் சொல்ல விரும்பேல்லை. அதால நாங்களும் கேக்கேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் அவன் போனவன், அப்பா."

இவர் எழும்பிக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் திறந்த சத்தம் நெடுநேரம் கேட்டது. வந்தபோது முகம் துடைத்திருக்கவில்லை.

"உங்கட கப்டனிட்டச் சொல்லு" என்றார் டாரலிடம். "உடுப்போட வரட்டும். தூக்கட்டும். ஐயர் தொடங்க முன்னம் மட்டும் கொடியை எடுக்கவேணும்."

"சரி சேர்."

"சேர் எண்டாத."

அவன் கேலி இல்லாமல், "சரி, பெரிய கூகா" என்றான்.

பத்துத் தட்டு கழுவினேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. சனம் தெருவரைக்கும் நின்றது. படையினர் கொடியை நேர்த்தியாக மடித்தார்கள். கப்டன் அதை என் கையில் தந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். இங்கிலீஷ் அவளுக்கு வரவில்லை போல. நான் தமிழில் "ஓம்" என்றேன்.

தகப்பனுக்கு மகன் செய்யவேண்டியதை மகனுக்குத் தகப்பன் செய்தார். வாய்க்கரிசி போடும்போது எல்லோரும் போட்டு முடிந்தபிறகு இவர் திரும்பி, சுவரோடு நின்ற டாரலைக் கூப்பிட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் பூக்களைப் பார்த்தேன். டாரலின் கையை விரித்து இவர் அரிசியை வைத்தார். "உன்ர கூகாவுக்குப் போடு" என்றார்.

யோகநாதன் அண்ணை ஏதோ முணுமுணுத்தார். பிறகு அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

எனக்குக் காலில் புதுச் சப்பாத்து கடித்தது.

பெப்ரவரி 19, புதன்

கொடியை அலுமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு மேல் வைத்தேன்.

பெப்ரவரி 26, புதன்

வேலைக்குப் போனேன். கண்ணாடி வில்லைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கீறல் பார்க்கிற வேலை. பெர்லா, பக்கத்து மேசை, எனக்கு வரவேண்டிய பெட்டிகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. நல்ல பெண்.

புதிதாக வந்த எரித்திரியப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"இரண்டு."

"என்ன செய்கிறார்கள்?"

"மகள் படிக்கிறாள். மகன் ஆமியில் இருக்கிறான்" என்றேன்.

பெர்லா தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

மார்ச் 6, வியாழன்

அந்தியேட்டி, முப்பத்தொராம் நாள். சாப்பிட்டபிறகு சாம்பல் என்ன செய்வது என்ற கதை வந்தது. ஊரில், கீரிமலைக் கடலில்தான் கரைக்கவேண்டும், தானே கொண்டுபோகிறேன் என்றார் யோகநாதன் அண்ணை.

"கீரிமலையில அவனுக்கு ஆரைத் தெரியும்?" என்றார் இவர்.

ஒட்டாவாவில் படையினருக்கான இடம் இருக்கிறது, கப்டன் சொன்னாள் என்றாள் சாம்பவி.

"ஒட்டாவாவில மட்டும் ஆரைத் தெரியும்?"

என் குரல்தான் கேட்டது. "எனக்குப் பஸ்ஸில போய் வரக்கூடிய இடம் வேணும்" என்றேன். "ஸ்காபரோவிலயே ஒரு இடம் எடுங்கோ."

"தங்கச்சி, சைவச் சனம் சாம்பலைத் தாட்டு வைக்கிறதோ? எங்கட வழக்கத்தில இல்லையே" என்றார் அண்ணை.

"இனி இருக்கட்டும்" என்றார் இவர்.

மார்ச் 22, சனி

கல் வெட்டுகிறவரிடம் போனோம். இத்தாலியக் கிழவர். தமிழ் எழுத்தைச் சாம்பவி வரைந்து கொடுத்தாள். ஒவ்வொரு சுழியையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறந்த இடமும் போடவேண்டுமா என்று கேட்டார்.

"ஸ்காபரோ" என்றார் இவர்.

"அப்படி ஒரு நகரம் இப்போது இல்லையே. எப்போதோ டொராண்டோவோடு சேர்த்துவிட்டார்களே."

"எங்கட ஊரும்தான் இல்லை. நீங்கள் எழுதுங்கோ."

கிழவர் எழுதினார். தன்னுடைய ஊரிலும் இப்போது ஆட்கள் இல்லையாம், ஆடுகள்தானாம்.

ஏப்ரல் 5, சனி

மண் இளகிவிட்டது. காலையில் ஆரணனை வைத்தோம். நாங்கள் மூன்று பேர், ஐயர், டாரல், கப்டன். கல் இன்னும் வரவில்லை. இவர் தன் கையால் மண்ணை அள்ளிப் போட்டார். எல்லோரும் போனபிறகு நானும் இவரும் நின்றோம். இடம் பரவாயில்லை. பஸ் நிறுத்தம் வாசலிலேயே.

இன்று சீனர்களுக்கு ஏதோ பெரியவர்களை நினைக்கிற நாள் போல. பக்கத்து வரிசை முழுக்கக் குடும்பம் குடும்பமாகச் சனம். கல்லுகளைக் கழுவினார்கள், பழம் வைத்தார்கள், அவித்த முழுக் கோழிகூட ஒன்று. எங்களுக்கு அடுத்ததாக ஒரு வயதான பெண் தனியாக, குந்தியிருந்து, பல் துலக்கும் பிரஷால் எழுத்துகளுக்குள் இருந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை சுத்தம். முடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு எங்களைப் பார்த்தாள். புது மண்ணைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு நின்றேன். அவளே மெதுவாக என் கையைப் பிடித்து, பழத்தை மண்ணின்மேல் வைப்பித்தாள்.

பிறகு மண்ணைக் காட்டிச் சீனத்தில் ஏதோ கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நானும் இங்கிலீஷில் சொல்லவில்லை.

"மகன்" என்றேன். "என்ர மகன். செத்துப்போனான்."

இவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நான் இன்னொரு முறை சொன்னேன். பிறகு ஈர மண்ணில் இருந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள்.